வத்தகப்பழ லொறியில் ஒரு விடுமுறை

ஓட்டோபான் என்னும் விரைவுச்சாலையின் நடுப்பாதையில் ஒரு ஜேர்மன் அம்மா மடிப்புக் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கம்பளி நூலில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தார். தலையில் வைக்கோல் தொப்பி. காலில் செருப்பும் இல்லை. சற்று முன்புவரை வாகனங்கள் குண்டு மாதிரிப் பறந்த இடம் அது. இப்போது அங்கே ஒரு நூற்பந்து மட்டும் மெல்ல உருண்டுகொண்டிருந்தது.

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கார்கள். எல்லாம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றன. கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு மனிதர்கள் இறங்கி நடந்தார்கள். அப்படி ஒரு சாலை ஓசையடங்கிக் கிடந்ததை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. வேலிக்கு அப்பால் கோதுமை வயல். அதன் மேல் ஒரு சிறு குருவி நின்ற இடத்திலேயே சிறகடித்துப் பாடிக்கொண்டிருந்தது. தார் உருகும் மணமும் கதிர் முற்றிய மணமும் கலந்து வந்தன.

பெர்லின் சுவர் இன்னும் விழாத காலம். ஆடியோ ஆவணியோ, நல்ல கோடை. நாங்கள் கெல்சென்கிர்ச்சனில் இருந்து தெற்கே மலை பார்க்கப் புறப்பட்டிருந்தோம். ஸ்ருட்கார்ட் தாண்டி, ஊல்ம் நகரத்துக்கு முன்னால் சாலை மேட்டில் ஏறும் இடத்தில் இப்படி மாட்டிக்கொண்டோம்.

"லொறி ஒண்டு பிரண்டு போச்சாம். கன நேரம் செல்லும்" என்றார் இவர். இவர் என்றால் என் கணவர். அப்போது எனக்கு அவரைத் தெரிந்து சில மாதங்கள்தான்.

வானொலி கற்றுத்தந்த சொல்

நான் ஜேர்மனிக்கு வந்து முதலில் கற்ற சொற்களில் ஒன்று 'ஸ்டவ்'. போக்குவரத்து நெரிசல் என்று பொருள். இவர் பாண் சுடும் வெதுப்பகத்தில் வேலை செய்தார். விடிவதற்கு முன் போய்விடுவார். நான் தனியே வானொலியைப் போட்டுவிட்டுச் சமைப்பேன். செய்திக்குப் பிறகு ஒருவர் ஊர்ப் பெயர்களாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஸ்டவ், ஸ்டவ் என்பார். யாரோ முக்கியமான ஆள் ஊர் ஊராகப் போகிறார் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் இவரிடம், "அந்த ஸ்டவ் இண்டைக்கு கேல்னுக்கு வந்திட்டாராம்" என்று சொன்னபோது, இவர் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு விளக்கம் சொன்னார். சிரிக்கவில்லை. நான் வெட்கப்படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

அதுதான் இவரிடம் எனக்கு இருந்த குறை. சிரிக்கமாட்டார். கோபிக்கவும் மாட்டார். "சாப்பிட்டீரோ?" "குளிருதோ உமக்கு?" இவ்வளவுதான் பேச்சு. நல்லவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் புகைப்படம் பார்த்துக் கழுத்தை நீட்டி, கடல் தாண்டி வந்தவளுக்கு நல்லவர் என்பது மட்டும் போதுமா? யாரோ ஒருவரின் அறையில் விருந்தாளியாகத் தங்கியிருப்பது போலவே இருந்தது. அம்மாவுக்கு எழுதும்போது சுகமாக இருக்கிறேன் என்று எழுதிவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தபடி இருப்பேன்.

இவருக்கு இருந்த ஒரே ஆசை கார் ஓட்டுவது. அதற்குக் காரணம் உண்டு. அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது அந்நாளைய சட்டம். அடுத்த ஊரில் கலியாணம் என்றாலும் போய் அனுமதி கேட்க வேண்டும். இவருக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்த அன்று நண்பன் ஒருவனின் காரில் ஏறி, நகர எல்லைப் பலகையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தாராம். அடுத்த நாளும் போனாராம். வேறு அலுவல் ஒன்றும் இல்லை. போகலாம் என்பதற்காகப் போனது.

அப்படி ஆசைப்பட்டு வாங்கிய பழைய மஞ்சள் காரில்தான், "உமக்கு மலை காட்டவேணும்" என்று என்னை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

நடுரோட்டில் ஒரு சபை

கம்பளி பின்னிய அம்மாவின் கணவர் ஒரு குளிர்பெட்டியைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். அதுதான் தொடக்கம். எங்களுக்கு முன்னால் நின்றது, பின்னால் கேரவன் இழுத்துவந்த ஒல்லாந்துச் சோடி. பக்கத்துப் பாதையில் துருக்கிக்குப் போகும் ஒரு குடும்பம். ஹசன் என்று அவருக்குப் பெயர், மனைவி எமினே. காரின் கூரையில் இன்னொரு கார் அளவுக்குச் சாமான் கட்டியிருந்தார்கள்.

இப்படி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்ததும், பயணம் போகிறவர்கள் சந்தித்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. ஆளுக்கொரு கதை. பழைய விடுமுறைகளில் தாங்கள் பட்ட பாடு.

அன்று எனக்கு அந்த மொழி விளங்கவில்லை. பிறகு இவர் சொல்லித்தான் இவை தெரியும்.

ஒல்லாந்துக்காரர், இத்தாலியில் இருட்டிய பிறகு ஒரு வெறும் திடலைக் கண்டு கேரவனை நிறுத்திப் படுத்தாராம். காலையில் மனைவி இரவுச் சட்டையோடு கதவைத் திறந்தால், சுற்றிவரச் சந்தை. அவர்களுடைய படிக்கட்டில் ஒருவர் வெங்காயம் பரப்பியிருக்கிறார். ஒரு கிழவி இவளிடமே விலை கேட்டு, விலையைக் கூட்டிச் சொல்கிறாய் என்று ஏசிவிட்டுப் போனாளாம். சந்தை கலையும்வரை அந்த இடத்தை விட்டு அசைய முடியவில்லை.

ஜேர்மன் அம்மாவும் கணவரும் பிரான்சில் ஒரு தோட்டத்து உணவகத்தில் நுழைந்து, வயிறு முட்டச் சாப்பிட்டு, ஆடவும் ஆடிவிட்டுக் கணக்குக் கேட்டார்களாம். அது உணவகம் இல்லை, கலியாண வீடு. மாப்பிள்ளையின் தகப்பன் இவர்களைப் பெண் வீட்டார் என்று நினைத்திருந்தாராம். பெண் வீட்டாரோ இவர்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்களாம்.

ஹசன் ஒரு முறை சலவை இயந்திரம் ஒன்றைக் கூரையில் கட்டிக்கொண்டு போனபோது, ஏதோ ஒரு எல்லையில், இது விற்பதற்கா வீட்டுக்கா என்று மறித்துவிட்டார்கள். வீட்டில் தோய்க்கத்தான் என்று காட்ட, எமினே அதை இறக்கச் சொல்லி, அந்தக் காவலறையிலேயே மின்சாரம் கொடுத்து, அங்கிருந்தவர்களின் சட்டைகளையெல்லாம் வாங்கித் தோய்த்துக் கொடியில் போட்டாளாம். சட்டை காயும்வரை அவர்களுக்கு வேலை செய்ய முடியவில்லை. வரிசை நீண்டதுதான் மிச்சம்.

இதைச் சொன்னபோது எமினே முக்காட்டின் நுனியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கியது நன்றாக நினைவிருக்கிறது. நானும் சும்மா சிரித்துவைத்தேன். மற்றவர்கள் சிரிக்கும்போது விளங்காமல் சிரிப்பது ஒரு தனி வேலை. முகம் வலிக்கும். வெயில், குருவியின் பாட்டு, புரியாத மொழி எல்லாம் சேர்ந்து, தண்ணீருக்குள் இருந்து மேலே நடப்பதைப் பார்ப்பது போலிருந்தது.

வேண்டாம் என்ற கை

அப்போதுதான் ஹசன் தன் காரில் இருந்து ஒரு வத்தகப்பழத்தைத் தூக்கிவந்தார். தமிழ்நாட்டு வாசகர்கள் தர்ப்பூசணி என்பீர்கள். கத்தி பட்டதும் அது தானாகவே பிளந்து விரிந்தது. அந்த மணத்தில் எனக்கு வாயூறியது. எமினே முதல் துண்டை எனக்குத் தந்தாள். அடுத்ததை இவரிடம் நீட்டினாள்.

இவர் கையை உயர்த்தி வேண்டாம் என்றார். ஹசன் விடவில்லை. துருக்கியர் உபசாரம் நம்முடையதைவிடப் பொல்லாதது. வற்புறுத்த வற்புறுத்த இவர் பின்னால் நகர்ந்தார். கடைசியில், எதற்காக வேண்டாம் என்கிறாய் என்று ஹசன் கேட்டிருக்க வேண்டும்.

இவர் ஒரு கணம் நிலத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கைகளை விரித்து, பேசத் தொடங்கினார்.

நான் திகைத்துப்போனேன். இது யார்? என் வீட்டில் "சாப்பிட்டீரோ" என்று மட்டும் கேட்கும் மனிதரா? உடைந்த ஜேர்மன்தான். சொல் கிடைக்காத இடத்தில் கை பேசியது, புருவம் பேசியது. எழுந்து நின்று காற்றில் எதையோ எட்டிப் பிடித்தார். மண்டியிட்டுத் தரையை முத்தமிட்டார். கழுத்துப்பட்டியைச் சரிசெய்வது போல் பாவனை காட்டி, ஊர்த்தலைவர் மாதிரி மிடுக்காக நடந்து காட்டினார். ஒல்லாந்துக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பின்னிக்கொண்டிருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். வேறு கார்களில் இருந்தும் ஆட்கள் வந்து கூடினார்கள்.

அந்தக் கதையைப் பிறகு எத்தனையோ மேசைகளில் கேட்டுவிட்டேன். அது இப்படித்தான் போகும்.

"எனக்கும் ஐரோப்பாவில் ஒரு வாகன விடுமுறை வாய்த்தது. யூகோஸ்லாவியாவில் இருந்து வடக்கே. வத்தகப்பழம் ஏற்றிய லொறி. அதில் நானும் என் நண்பன் யோகனும் பழங்களுக்குப் பின்னால் முதல் வகுப்பில் வந்தோம். லொறி திரும்பும்போதெல்லாம் பழங்கள் எங்களை நோக்கி வரும். நான் கோல் காப்பாளர், யோகன் தின்னும் பிரிவு. பாதி வழியிலேயே லொறியின் பாரம் குறைந்துவிட்டது. இவ்வளவு பழம் தின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கதவோ வெளியில் பூட்டு. பழக் கோது எதற்கெல்லாம் உதவும் என்று அன்றுதான் கண்டுபிடித்தோம்.

"கடைசியில் சாரதி ஒரு வயலில் எங்களை இறக்கிவிட்டு, 'ஜேர்மனி, ஜேர்மனி' என்று சொல்லிப் பறந்துவிட்டான். நாங்கள் விழுந்து மண்ணை முத்தமிட்டோம். மாட்டெரு போட்ட மண். 'ஜேர்மனி மணக்குதடா' என்றான் யோகன். உழவு இயந்திரத்தில் வந்த ஒருவர் நின்று எங்களைப் பார்த்தார். 'ஜேர்மனி?' என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். நாங்கள் முத்தமிட்டது ஒஸ்ரியாவை!

"நான் கடலோரத்துக்காரன், ஆற்றில் நீந்தினேன். தலையில் கட்டிய உடுப்பு மூட்டை ஆற்றோடு போயிற்று. ஜேர்மனிக்கு நான் கொண்டுவந்த மொத்தச் சொத்து ஓர் உள்காற்சட்டை. யோகனுக்கோ நீந்தத் தெரியாது. அவன் என்ன செய்தான் தெரியுமா? தலையை வாரி, சட்டையை உள்ளே விட்டு, பாலத்தால் நடந்து வந்தான். ஊர்த்தலைவர் மாதிரி!"

இந்த இடத்தில் எல்லோரும் வெடித்துச் சிரிப்பார்கள். யாராவது ஒருவர், "உங்கள் நண்பர் இப்போது எங்கே?" என்று கேட்பார்.

"கனடாவில். பழக்கடை வைத்திருக்கிறான். இன்னும் கொழுத்துவிட்டான்" என்பார் இவர்.

தமிழில் கேட்டபோது

அன்று இதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஊர் பேர் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் என் கணவர் தன்னைத் திறந்து காட்டிவிட்டார், அருகில் இருந்த எனக்கு மட்டும் இல்லை. பழத் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து, எங்கள் காருக்கு அப்பால், வேலியோரப் புல்லில் போய் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் இவர் வந்தார். முகத்தில் இன்னும் சிரிப்பின் மிச்சம்.

"ஏன் எழும்பி வந்தனீர்? வெயிலோ?"

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. என்னையோ பகிடி பண்ணினனீங்கள்?"

"சீச்சீ. உம்மையேன்? நான் வந்த கதையைச் சொன்னனான்."

"அப்ப எனக்கும் சொல்லுங்கோவன். நானும் சிரிக்கிறன்."

பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு புல்லைப் பிடுங்கி விரலில் சுற்றியபடி தொடங்கினார். லொறியைச் சொன்னார். பழங்கள் உருண்டதைச் சொன்னார். நான் சிரித்தேன். "ஜேர்மனி மணக்குதடா" என்று யோகன் சொன்னதை, அவன் குரலிலேயே சொன்னார் போல. அதற்கும் சிரித்தேன். என் கணவர் இப்படிக் கதை சொல்வாரா என்று மனம் குளிர்ந்து வந்தது.

"பிறகு?"

"பிறகு ஆறு. யோகன் சுன்னாகத்துப் பொடியன். கிணத்திலை அள்ளிக் குளிச்சவன். 'மச்சான், என்னாலை ஏலாது. நீ போ, நான் பாலத்தாலை வாறன்' எண்டான். நான் வேண்டாமெண்டு சொன்னனான். 'பயந்து பயந்து போனால்தான் பிடிப்பாங்கள். நேரா நடந்து போனால் ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள்' எண்டு சொல்லிச் சிரிச்சான். என்ரை சீப்பை வாங்கித் தலை இழுத்தான். திருப்பித் தந்தான்."

புல்லை விரலில் இன்னும் இறுக்கினார்.

"சொல்லுங்கோ."

"நான் அந்தக் கரையிலை பத்தைக்குள்ளை கிடந்து பாத்தனான். பாலம் நல்லாத் தெரிஞ்சது. கையை வீசிக்கொண்டு வடிவா நடந்து வந்தான். நடுப்பாலம் தாண்டினான். அப்ப ரண்டு சீருடைக்காரர் வந்து அவன்ரை தோளிலை கையை வைச்சினம்."

விரலில் சுற்றிய புல் அறுந்தது.

"கூட்டிக்கொண்டு போச்சினம். அவன் ஆத்துப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. கடைசிமட்டும் பாக்கேல்லை. பாத்தால், இன்னொருத்தன் அங்கை கிடக்கிறான் எண்டு தெரிஞ்சுபோயிடும் எல்லே?"

குருவி இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கம் யாரோ அடுத்த கதையைத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்ப எங்கை அவர்?" என்று மெல்லக் கேட்டேன்.

"கொழும்புக்கு அனுப்பினதெண்டு ஒருத்தன் சொன்னான். இத்தாலியிலை கண்டதெண்டு இன்னொருத்தன் சொன்னான். தாய்க்கு எழுதிப் பாத்தன். அவவுக்கும் தெரியாது." அறுந்த புல்லை எறிந்துவிட்டு, "அவையள் கேக்கேக்கை கனடா எண்டு சொல்லிப்போட்டன். வாயிலை வந்தது அதுதான்" என்றார். "டொச்சிலை, இவையின்ரை பாஷையிலை, சொல்லேக்கை அது ஆரோ ரண்டு பேருக்கு நடந்த மாதிரி இருக்கும். தமிழிலை இண்டைக்குத்தான் சொல்லுறன்."

அழுதார். சத்தம் இல்லை. தோள் மட்டும் அசைந்தது. அவருடைய கையைப் பிடிக்க வேண்டும் என்று என் கை எழுந்தது. ஆனால் அது முழுக்கப் பழச்சாறு, பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த மணத்தோடு அவரைத் தொட மனம் வரவில்லை. எழுந்து காருக்குப் போய்ப் போத்தல் தண்ணீரை எடுத்து, மணம் போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். புல்லில் துடைத்தேன். பிறகு வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவ்வளவுதான் செய்தேன். ஆனால் அதன் பிறகு அந்த அறையில் நான் விருந்தாளி இல்லை.

தூரத்தில் ஓர் இயந்திரம் இயங்கியது. பிறகு இன்னொன்று. ஜேர்மன் அம்மா பின்னலைச் சுருட்டி வைத்துக் கதிரையை மடித்தார். எமினே ஓடிவந்து என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். என் கண்ணைப் பார்த்தாளா என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அது வெறும் சாலை.

கனடாவில் ஒரு குடும்பம்

இவர் அந்தக் கதையை இன்றும் ஜேர்மன் நண்பர்களுக்குச் சொல்வார். வேலைத்தலத்து விருந்து, பிள்ளையின் பள்ளிக்கூட விழா, அயல்வீட்டுப் பிறந்தநாள். நன்றாகச் சொல்வார். நானும் மொழி படித்துவிட்டேன், மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பேன். சிரிப்பு வரத்தான் செய்கிறது.

ஒரு முறை, ஓர் அம்மா இவரைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்த நண்பர் இப்போது கனடாவில் எப்படி இருக்கிறார்?" இவர் கையில் இருந்த கிளாசை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நன்றாக இருக்கிறார். போன வருடம்தான் கலியாணம் செய்தார். மனைவி ஆசிரியை" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் இவர் காரைப் பெருஞ்சாலையில் ஏற்றினார். பிறகு, "ஆசிரியையோ?" என்று கேட்டார்.

"ஓம். கணக்குப் படிப்பிக்கிறவ."

"அப்ப கடைக் கணக்கு அவ பாப்பா" என்றார். "அவனுக்கு அது வராது."

அதிலிருந்து அது எங்கள் இருவருக்கும் மட்டும் உரிய பழக்கமாகிவிட்டது. எப்போதாவது, நீண்ட பயணங்களில், ஜன்னலுக்கு வெளியே வயல்கள் ஓடும்போது ஒருவர் தொடங்குவோம். யோகனுக்கு முதலில் ஒரு மகள் பிறந்தாள். பிறகு இரட்டையர். கடையை விரித்தார்கள். பனி அள்ளி முதுகு பிடித்துக்கொண்டது. மூத்தவளுக்குக் கலியாணமும் முடிந்துவிட்டது. இவர் யோகனுக்கு ஒரு கெடுதலும் வரவிடமாட்டார்.

போன கிழமையும் ஓர் ஊருக்குப் போய் வந்தோம். திரும்பும்போது இவர் சட்டென்று கேட்டார்.

"யோகனுக்குச் சீனி வருத்தம் வந்திருக்குமோ?"

"வந்திருக்கும். வயசாச்சுதெல்லே" என்றேன். "ஆனால் மனுசி இனிப்புத் தின்ன விடமாட்டா. பின்னேரத்திலை நடக்கக் கூட்டிக்கொண்டு போறவ."

"நடப்பான்" என்றார் இவர், சாலையைப் பார்த்தபடி. "அவன் வடிவா நடப்பான்."